வன்னியில் கொள்ளளவி தெரிவுசெய்த காலம்

ஹெட்போன் ஒன்றை இயக்குவதற்கென வீட்டிலேயே கட்டப்படும் சிறிய விரியலாக்கியில், அதாவது நலிந்த ஒலிச் சைகையைக் காதுக்குப் போதுமான அளவு பெருக்கித் தரும் அம்பிளிபையர் என்னும் சுற்றில், திரான்சிஸ்டரே தலைமையான உறுப்பாகத் தோன்றினாலும், எழும் ஒலி தெளிந்திருக்குமா இரைந்திருக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அதிலுள்ள கொள்ளளவிகளே. கொள்ளளவி என்பது இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே மின்னைக் கடத்தாத மெல்லிய படையொன்றை வைத்து, அத்தகடுகளில் மின்னேற்றத்தைச் சேமிக்கவும் வேண்டியபோது விடுவிக்கவும் செய்யும் உறுப்பு. பட்டறைகளில் கண்டென்சர் என்றும் தமிழ்நாட்டு நூல்களில் மின்தேக்கி என்றும் வழங்குவது இதுவே. ஒரே திசையில் பாயும் நேரோட்டத்தை அது மறிக்கும். திசை மாறி மாறிப் பாயும் ஆடலோட்டத்தை, அதன் மீடிறன் உயர உயர, இலகுவாகச் செல்லவிடும். மீடிறன் என்பது ஒரு செக்கனில் அலை எத்தனை முறை மீள்கிறது என்னும் எண். அதன் அலகு ஹேர்ட்ஸ். ஹெட்போன் விரியலாக்கியில் கொள்ளளவி செய்யும் பணிகள் யாவும், மின்வழங்கலை ஒப்பமாக்குவதும் ஒலியை மட்டும் அடுத்த படிக்குக் கடத்துவதும் உட்பட, இந்த ஓர் இயல்பிலிருந்தே பிறக்கின்றன.

எந்தக் கொள்ளளவியைத் தெரிவுசெய்வது என்பது உலகின் பல இடங்களில் செவிச் சுவை பற்றிய விவாதமாக வளர்ந்தது. வால்ட்டர் ஜங், ரிச்சர்ட் மார்ஷ் ஆகிய இருவரும் 1980 இல் அமெரிக்காவின் ஓடியோ இதழில் கொள்ளளவித் தெரிவு பற்றி எழுதிய கட்டுரை அவ்விவாதத்துக்குப் பெரும் உந்துதலாக அமைந்தது. ஆனால் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில், 1990களில், மின்கம்பி இல்லாத, பற்றரி அரிதான நிலத்தில், ஹெட்போனுக்கென விரியலாக்கி கட்டியவர்கள் எதிர்கொண்ட வினா வேறு வகையானது. கையால் சுழற்றப்படும் சைக்கிள் டைனமோவின் சீரற்ற மின்னைக் கொண்டு மனிதக் குரலை விளங்கும்படி கேட்பது எப்படி என்பதே அவர்களுக்கு முன்னிருந்த சிக்கல். அதற்கு அவர்கள் கண்ட விடைகள், பின்னாளில் நூல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதும் பிழையற்றவையாக நிற்கின்றன.

1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வடக்கிற்கான மின்வழங்கல் அற்றுப்போனதோடு, அரசு விதித்த பொருளாதாரத் தடையில் எரிபொருள், சீமெந்து முதலியவற்றுடன் பற்றரியும் தடுக்கப்பட்ட பொருளாயிற்று. 1995 ஒக்டோபர் 30 அன்று தொடங்கிய யாழ்ப்பாண இடப்பெயர்வில் வெளியேறியவர்களுள் பெருந்தொகையினர் அடுத்த ஆண்டுக்குள் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தனர். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் வசமானதும் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு ஆகிய ஊர்களே நகரங்களின் வேலையைச் செய்யத் தொடங்கின. வந்தவர்களோடு யாழ்ப்பாணத்து வானொலித் திருத்துநர் சிலரும், அவர்களுடைய மீற்றர்களும், தகர டின்களில் அடைத்த பழைய உறுப்புகளும் வந்தன. இதை எழுதுபவர் தம் பதின்ம வயதில் உதவியாளாக நின்று கற்ற மல்லாவித் திருத்தகமும் அவ்வாறு இடம்பெயர்ந்து வந்து, கிடுகு வேய்ந்த கொட்டிலொன்றில் மறுபடி திறக்கப்பட்டதே.

டைனமோ தரும் மின்னின் தன்மையை அறியாமல் கொள்ளளவியைத் தெரிவுசெய்ய முடியாது என்பதே அங்கு கற்பிக்கப்பட்ட முதற்பாடம். சைக்கிள் ரயரின் பக்கத்தில் உரசிச் சுழலும் அந்தச் சிறு கருவியின்மேல் 6 வோல்ட், 3 வாட் எனப் பொறிக்கப்பட்டிருக்கும். அது தருவது ஆடலோட்டம், அதன் மீடிறனோ சில்லின் வேகத்தைப் பொறுத்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றும்போது ரயரின் ஓரம் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவதாகவும், டைனமோவின் உருளை 2 சென்ரிமீற்றர் விட்டமும் அதன் காந்தம் எட்டு முனைவுகளும் கொண்டவை எனவும் கொண்டால், பிறக்கும் மீடிறன் ஏறத்தாழ 175 ஹேர்ட்ஸ் ஆகும். இதனை ஒரே திசைக்குத் திருப்பும் செயலே சீராக்கம் எனப்படும். அதற்கு மின்னை ஒருபுறம் மட்டும் விடும் இருவாயிகள் நான்கு பாலமாக இணைக்கப்பட்டன. பாலத்தைத் தாண்டிய மின் ஒரே திசையில் பாய்ந்தாலும் செக்கனுக்கு 350 முறை ஏறி இறங்குவதால், அதை அப்படியே விரியலாக்கிக்குக் கொடுத்தால் அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் காதில் உறுமலாக விழும். சுற்றுபவரின் கை தளரும்போது உறுமலின் சுருதி தாழ்ந்து, கை விரையும்போது உயர்ந்து, செய்தி வாசிப்பவரின் குரலோடு ஓயாமல் பிணங்கிக்கொண்டிருக்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தணிப்பதற்காகப் பாலத்தின் பின் வைக்கப்படுவது ஒப்பமாக்கும் கொள்ளளவி. மாரியில் வரும் வெள்ளத்தை ஏற்று வைத்துச் சிறுபோகத்துக்கு வாய்க்காலில் அளவாக விடும் இரணைமடுக் குளத்தைப்போல, அது மின்னலையின் உச்சத்தில் நிரம்பித் தாழ்வில் வடிந்து இடைவெளியை நிரப்புகிறது. எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது: இழுக்கப்படும் மின்னோட்டத்தை, சீராக்கிய மீடிறனையும் கொள்ளளவையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால், எஞ்சும் அலைவு கிடைக்கும். ஒலிபெருக்கியோடு கூடிய வானொலி 100 மில்லி அம்பியர் இழுக்குமாயின், 1000 மைக்ரோபரட் கொள்ளளவியில் எஞ்சும் அலைவு ஏறத்தாழ 0.3 வோல்ட், கை பாதி வேகத்துக்குத் தளர்ந்தால் அதுவே 0.6 வோல்ட் ஆகும். குரலை மூழ்கடிக்க அது போதும். அலைவைக் குறைக்கக் கொள்ளளவைப் பெருக்கலாம் என்பது நூல்வழி விடை. ஆனால் 1000 மைக்ரோபரட்டே அரும்பொருளாயிருந்த ஊரில் அந்த விடை பயன்படவில்லை. அங்கு தெரிவுசெய்யப்பட்டது கணக்கின் மறுபக்கம். ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, 15 மில்லி அம்பியர் மட்டும் இழுக்கும் சிறு விரியலாக்கி ஒன்றின்மூலம் ஹெட்போனுக்கு ஒலியைத் தந்தால், அதே கொள்ளளவியில் அலைவு 0.04 வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. வேறெங்கும் இசையின்பத்துக்காகக் கட்டப்பட்ட ஹெட்போன் அம்பிளிபையர் வன்னியில் கட்டப்பட்டதற்கான காரணம் இதுவே. கொள்ளளவி பற்றாத இடத்தில் சுமையைக் குறைப்பது, கிடைக்காத கொள்ளளவியைச் சம்பாதிப்பதற்கு ஒப்பாயிற்று.

சுற்றுபவர் கை மாற்றும் கணத்தில் ஒலி அறுந்துபோவது இன்னொரு தொல்லை. 4700 மைக்ரோபரட் அளவுள்ள ஒன்றோ, அதற்கு ஈடாகப் பக்கம் பக்கமாக இணைத்த சிறியவை சிலவோ வாய்க்குமானால், 15 மில்லி அம்பியர் இழுக்கும் சுற்றில் மின்னழுத்தம் ஒன்றரை வோல்ட் விழுவதற்கு ஏறத்தாழ அரைச் செக்கன் பிடிக்கும். அண்ணன் கையிலிருந்து தங்கை கைக்கு மிதி மாறுவதற்கு அந்த அரைச் செக்கன் பெரும்பாலும் போதியதாயிருந்தது. கொள்ளளவியைப் பற்றரியின் இடத்தில் வைத்து எண்ணிய சிலர் அதனால் நிமிடக் கணக்கில் வானொலி பாட வேண்டுமென எதிர்பார்த்தனர் எனினும், அந்த உறுப்பின் ஆற்றல் அவ்வளவே என்பதைத் திருத்துநர்கள் பொறுமையோடு விளக்கினர்.

விரியலாக்கியின் வெளியீட்டுக் கொள்ளளவியைத் தெரிவுசெய்வதில்தான் கூர்மையான சிந்தனை தேவைப்பட்டது. ஒற்றை மின்வழங்கலில் இயங்கும் சுற்றின் வெளியீட்டில் வழங்கல் மின்னழுத்தத்தின் ஏறத்தாழப் பாதி எப்போதும் நேரோட்டமாக நிற்பதால், அது ஹெட்போனின் சுருளுக்குள் பாய்ந்து அதைச் சூடாக்காமலிருக்க இடையில் கொள்ளளவி ஒன்று நிற்க வேண்டும். அது நேரோட்டத்தோடு தாழ்ந்த மீடிறன்களையும் ஓரளவு மறித்துவிடும். எந்த மீடிறனுக்குக் கீழே மறிப்புத் தொடங்கும் என்பது கொள்ளளவையும் ஹெட்போனின் தடையையும் பொறுத்தது. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 100 மைக்ரோபரட் வைத்தால் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேயத் தொடங்கும்; அதையே 32 ஓம் ஹெட்போனுக்கு வைத்தால் எல்லை 50 ஹேர்ட்ஸாக இறங்கிவிடும். ஆகவே பழைய வானொலியின் ஒலிபெருக்கிக்குப் போதாதென ஒதுக்கப்பட்ட சிறு கொள்ளளவி ஹெட்போனுக்குத் தாராளமாகப் பொருந்தியது. இசை விரும்பிகள் 32 ஓமுக்கு 220 அல்லது 470 மைக்ரோபரட் வைத்து 20 ஹேர்ட்ஸை நெருங்க முயல்வர். டக்ளஸ் செல்ஃப் போன்ற பொறியியலாளர், மின்பகு வகைக் கொள்ளளவியின் இரு முனைகளுக்கிடையே ஒலிச் சைகை கணிசமாக எழுந்தால்தான் அது ஒலியைத் திரிக்கும் என்றும், அதனால் கொள்ளளவைத் தேவைக்குமேல் பெரிதாக வைப்பதே பாதுகாப்பு என்றும் காட்டியுள்ளனர். அது சரியான அறிவுரை. ஆயினும் சிற்றலை வானொலியில் வரும் பேச்சில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே கேட்க வேண்டியது ஏதுமில்லை. அங்கே கிடப்பவை, தளர்ந்த கை எழுப்பும் உறுமலின் அடிப்பகுதியும் நிலையம் நழுவும்போது எழும் தடதடப்புமே. மல்லாவித் திருத்தகத்தில் செய்திக்கென்று கேட்டு வந்தவர்களுக்கு 47 மைக்ரோபரட்டும், பாட்டுக் கசெற் போட விரும்பியவர்களுக்கு 220 மைக்ரோபரட்டும் வைக்கப்பட்டன. முன்னது 106 ஹேர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதைத் தேய்த்துக் குரலை மேலே நிறுத்தியது. பற்றாக்குறையால் ஏற்பட்ட சமரசம் என்று இதைக் கருதுவது பொருந்தாது. பெரியது கையில் இருந்தபோதும் அந்தத் திருத்துநர் பேச்சுக்குச் சிறியதையே எடுத்தார்.

உறுமலை அடக்கும் இன்னொரு வழி, மின்வழங்கல் முழுவதையும் ஒப்பமாக்க முயல்வதை விட்டு, அது எங்கே அதிகம் கேடு செய்கிறதோ அங்கே மட்டும் ஒப்பமாக்குவது. விரியலாக்கியின் முதற்படியில் நுழையும் அலைவு அடுத்த படிகளால் பெருக்கப்படுவதால் அங்கு புகும் சிறிதளவும் பெரிதாகக் கேட்கும். இறுதிப்படியோ அலைவைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும். முதற்படி இழுப்பது இரண்டு மூன்று மில்லி அம்பியரே ஆகையால், அதன் வழங்கல் வழியில் தொடராக 100 ஓம் தடையியும் அதன் பின் நிலத்துக்கு 100 மைக்ரோபரட்டும் வைத்தால், இழக்கும் மின்னழுத்தம் 0.3 வோல்ட்டுக்கு மேற்படாது. 200 ஹேர்ட்ஸ் அலைவோ பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஒரு தடையியும் ஒரு சிறு கொள்ளளவியும் ஓர் இறாத்தல் கொள்ளளவியின் வேலையைச் செய்வதை முதன்முறை கேட்டறிந்த இளைஞருக்கு, பள்ளிக்கூடத்துப் பௌதிகவியல் கரும்பலகையிலிருந்து இறங்கிக் கைக்கு வந்தது.

கொள்ளளவியின் மேல் எழுதப்பட்டிருக்கும் வோல்ட் எண்ணைப் பற்றி டைனமோக்காரர்கள் கொண்டிருந்த எச்சரிக்கையும் குறிப்பிடத்தக்கது. 6 வோல்ட் என்று பொறித்த டைனமோவுக்கு 10 வோல்ட் தாங்கும் கொள்ளளவி போதும் என எண்ணத் தோன்றும். ஆனால் அந்த 6 வோல்ட், மின்குமிழ் எரியும்போது கிடைக்கும் அளவு. சுமையின்றி வேகமாகச் சுழன்றால் அது 20 வோல்ட்டுக்கு மேலும் ஏறக்கூடும். ஹெட்போன் அம்பிளிபையரின் சுமை அற்பமானதால் ஆபத்து அதற்கே கூடுதல். மின்பகு கொள்ளளவியில் மின்னை மறிப்பது அலுமினியத் தாளின்மேல் மின்வேதி முறையால் வளர்க்கப்பட்ட ஒட்சைட்டுப் படை. ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை நனோமீற்றர் வீதமே அதன் தடிப்பு என்பதால், தாங்கும் எல்லையைக் கடந்தால் படை முறிந்து, உள்ளிருக்கும் ஈரக் காகிதம் கொதித்து, மூடி வெடித்துவிடும். எனவே 25 அல்லது 35 வோல்ட் தாங்குபவையே பாலத்தின் பின் வைக்கப்பட்டன. அதோடு சைக்கிளின் முன்விளக்குக் குமிழைக் கழற்றாமல் சுமையாக விட்டுவைப்பதும் வழக்கமாயிற்று. குமிழ் மிகுதி மின்னை விழுங்கி மின்னழுத்தத்தை அடக்கியதோடு, வானொலி கேட்கும் நேரம் முழுவதும் குடிசைக்கு வெளிச்சமும் தந்தது. அதற்குரிய விலையைச் சுற்றுபவரின் தோள் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் கையில் நல்ல கொள்ளளவி இருந்தால் நடப்பவை. வன்னியில் கிடைத்தவையோ பழுதான கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிகளிலிருந்தும் கசெற் இயந்திரங்களிலிருந்தும் கழற்றப்பட்டவை. பல ஆண்டுகள் மின்காணாமல் கிடந்தவை. மின்பகு கொள்ளளவி நெடுநாள் சும்மா கிடந்தால் அதன் ஒட்சைட்டுப் படை தேய்ந்து கசிவு கூடும். வெப்பத்தில் அதன் ஈரமும் வற்றும். 10 பாகை வெப்பம் குறைந்தால் ஆயுள் இருமடங்காகும் என்னும் பொதுவிதியைத் தலைகீழாக வாசித்தால், சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் கிடந்த டின்னின் நிலை விளங்கும். முள் மீற்றரை ஓம் அளக்கும் நிலையில் வைத்துக் கால்களைத் தொட்டால், நல்ல கொள்ளளவியில் முள் வலப்புறம் துள்ளி மெதுவாக மீண்டும் இடக்கோடிக்குத் திரும்பும். துள்ளல் எவ்வளவு என்பது கொள்ளளவையும், திரும்பாமல் எங்கே நிற்கிறது என்பது கசிவையும் காட்டும். ஐயத்துக்குரியவற்றைத் திருத்துநர் உடனே எறிவதில்லை. 12 வோல்ட் வாகனப் பற்றரியிலிருந்து 10 கிலோ ஓம் தடையி ஒன்றின் ஊடாக மெல்ல மின்னூட்டிப் பல மணிநேரம் விட்டால் தேய்ந்த படை மீள வளரும். மறுநாள் காலை மீற்றரின் முள் ஒழுங்காகத் திரும்புவதைக் கண்டால் அதற்கு மறுவாழ்வு கிடைத்ததென்று பொருள். 1896 அளவில் கரோல் பொல்லாக் அலுமினியத் தகட்டையும் வெண்காரக் கரைசலையும் கொண்டு இவ்வகைக் கொள்ளளவியை உருவாக்கியபோது பயன்பட்ட வேதிவினையே அந்தக் கொட்டிலில் இரவு முழுவதும் நடந்துகொண்டிருந்தது.

நிலையத்தின் சைகையை விரியலாக்கிக்குள் கொண்டுசெல்லும் சிறு கொள்ளளவிக்கு, 104 என எழுதிய, அதாவது 0.1 மைக்ரோபரட் அளவுள்ள பொலியெஸ்ரர் வகையே விரும்பப்பட்டது. அதே அளவுள்ள செராமிக் வில்லைகள் பல, மேலே விழும் மின்னழுத்தத்துக்கேற்ப அளவு மாறுபவை. அதிர்வையும் மின்னாக மாற்றுபவை. மேசை அதிர்ந்தால் காதில் தட்டும். அவை மின்வழங்கலின் உயர் மீடிறன் இரைச்சலை நிலத்துக்கு விடும் வேலைக்கு ஒதுக்கப்பட்டன. பற்றவைப்பதோ சிரட்டைக் கரி நெருப்பில் காய்ச்சிய செப்புக் கோலால். அதன் சூட்டை அளவிட வழியில்லாமையால், கொள்ளளவியின் காலைக் குறட்டால் பிடித்துச் சூட்டை இடைமறிப்பது உதவியாளின் கடமையாயிருந்தது.

இத்தனை உழைப்பும் பெரும்பாலும் ஒரே அரைமணி நேரத்துக்காகவே நிகழ்ந்தது. லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை சிற்றலையில் வந்தது இரவு 9.15 மணிக்கு. 1996 இல் அரசு கடிகாரத்தை முன்னே நகர்த்தியபோதும் அதன் ஆட்சிக்கு வெளியே நின்ற வன்னி பழைய நேரத்திலேயே நின்றதால், வவுனியாவுக்கும் மாங்குளத்துக்கும் இடையே நேரமே வேறுபட்டிருந்த அந்த ஆண்டுகளிலும் வன்னிக் கடிகாரங்களில் 9.15 மாறவில்லை. ஒரு ஹெட்போனின் இரு செவிக்கிண்ணங்களையும் பிரித்து இருவர் ஆளுக்கொன்றாகப் பிடித்துக் கேட்பதும், கேட்டவர் வாக்கியம் வாக்கியமாகச் சுற்றியிருந்தோருக்கு ஒப்புவிப்பதும் வழமை. மறுகாது வானூர்தியின் இரைச்சலுக்காகத் திறந்தே இருந்தது. எந்த ஊரில் எறிகணை விழுந்தது, பாதை திறக்குமா, கப்பல் வருமா என்பவற்றை அறியும் வழி அதுவாகவே இருந்தமையால், ஒரு சொல் உறுமலில் மறைந்துபோவது சிறிய இழப்பாக எவராலும் கருதப்படவில்லை. ஊரின் பெயரொன்று தெளிவாகக் கேட்பதற்கும் கேளாமற் போவதற்கும் இடையே நின்றது சில வேளைகளில் 100 மைக்ரோபரட் மட்டுமே.

2002 இல் பொருளாதாரத் தடை தளர்ந்து, போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 பாதை முகமாலை வழியாகத் திறந்ததும், கிளிநொச்சியில் புதிய உறுப்புகள் பொட்டலமாக விற்கப்பட்டன. எல்எம் 386 என்னும் சில்லு, 4 மில்லி அம்பியர் ஓய்வு மின்னோட்டத்தோடு, ஹெட்போன் அம்பிளிபையரை ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கியது. அதன் ஏழாம் காலிலிருந்து நிலத்துக்கு 10 மைக்ரோபரட் வைத்தால் வழங்கலின் அலைவு முந்நூறில் ஒரு பங்களவுக்கு அடங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பில் கண்டபோது, முதற்படியை மட்டும் ஒப்பமாக்கும் பழைய வழியே சில்லுக்குள்ளும் அமைந்திருப்பது விளங்கியது. நிச்சிக்கொன், ருபிகொன், எல்னா முதலிய ஜப்பானியப் பெயர்களும் அப்போதுதான் பேச்சில் நுழைந்தன. எது இனிமையாக ஒலிக்கிறது என்று இளைஞர்கள் வாதிட நேரம் கிடைத்தது. அந்த வாதம் தொடர்ந்திருக்க வேண்டும் என்றே இதை எழுதுபவர் இன்றும் விரும்புகிறார். 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. 2008 இன் பிற்பகுதியிலிருந்து மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் எனக் கிழக்கே தள்ளப்பட்டபோது, மீற்றரும் டின்களும் எந்த இடத்தில் கைவிடப்பட்டன என்பது அவரவர் நினைவில் மட்டும் உள்ளது. திருத்துநர்களுள், போர் முடிந்த 2009 மே மாதத்தைக் கடந்து வராதவர்களும் உளர்.

மீளக் குடியேறிய ஊர்களுக்கு மின்கம்பி வந்தபின் வீட்டில் அம்பிளிபையர் கட்டுவோருக்கு வழங்கல் 50 ஹேர்ட்ஸில் நிலைபெற்றுவிட்டது. சீராக்கியபின் 100 ஹேர்ட்ஸ். இது டைனமோவின் மீடிறனிலும் தாழ்ந்தது ஆதலால், கையின் தளர்வு நீங்கிய போதிலும் ஒப்பமாக்கும் கொள்ளளவி முன்னையதிலும் மூன்று நான்கு மடங்கு பெரிதாக வேண்டியிருக்கிறது. வயல்காவலுக்கும் வாடிக்கும் சூரியத் தகட்டைக் கொண்டு செல்வோர், 12 வோல்ட் என்று விற்கப்படும் தகடு சுமையின்றி வெயிலில் 21 வோல்ட் வரை தருவதை அறியாமல், அதன் குறுக்கே 16 வோல்ட் கொள்ளளவியை வைத்துவிடுவதுண்டு. அங்கு 25 வோல்ட்டுக்குக் குறைந்ததை வைக்கக்கூடாது. கழற்றி எடுத்த பழையதானால், வைக்கும் முன் ஓர் இரவு தடையியின் ஊடாக மின்னூட்டி மீற்றரின் முள் திரும்புகிறதா என்று பார்த்தே வைக்க வேண்டும்.